மலைக்கு மாலை போட்டா முடியுது, மார்னிங் வாக் ஏன் முடியல?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

காஞ்சிபுரத்துல இருந்து பேசுறேன்.

நம்ம நிகழ்ச்சிக்கு வர்ற கேள்விகள்ல ஒண்ணு மட்டும் மாறவே மாறாது. கேக்கற ஆள் மாறுவாங்க, வார்த்தை மாறும், ஆனா விஷயம் அதேதான். "உடற்பயிற்சி ஆரம்பிக்கறேன், பத்து பதினஞ்சு நாள் நல்லா போகுது, அப்புறம் நின்னுடுது. இந்த மோட்டிவேஷனை எப்படித் தக்க வெச்சுக்கறது?"

இதுக்கு வழக்கமா கிடைக்கற பதில் உங்களுக்கே தெரியும். மனசு வெச்சா முடியும், காலைல 5 மணிக்கு எழுந்திரு, சாக்குப்போக்கு சொல்லாதே. பின்னாடி ஒரு மாஸ் பிஜிஎம். வீடியோ முடியறப்போ நமக்கு உலகத்தையே ஜெயிக்கணும்னு தோணும். மறுநாள் காலைல அலாரம் அடிச்சா அந்த பிஜிஎம் கேக்காது.

அதனால இன்னைக்கு வேற பக்கத்துல இருந்து ஆரம்பிக்கலாம். நம்ம தெருவுல இருந்தே.

மனஉறுதி இல்லாத ஊரா இது?

கார்த்திகை பொறந்தா நம்ம தெருவுல என்ன நடக்குதுன்னு பாருங்க. ஒரு பையன். வருஷம் முழுக்க எட்டு மணிக்கு முன்னாடி எழுந்திரிக்க மாட்டான். தெருமுனைக் கடைக்குக்கூட வண்டிலதான் போவான். அவன் சபரிமலைக்கு மாலை போடுறான். 41 நாள் விரதம். விடியறதுக்கு முன்னாடி எழுந்து பச்சைத் தண்ணில குளிக்கறான். செருப்பு கிடையாது, கறி மீன் கிடையாது, தண்ணி கிடையாது, தம் கிடையாது. கடைசில பம்பைல இருந்து சன்னிதானம் வரைக்கும் மலை ஏறுறான்.

திருவண்ணாமலை கிரிவலம் எடுத்துக்கோங்க. பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி ராத்திரி அதைச் சுத்தி வர்ற கூட்டத்துல வயசானவங்க இருப்பாங்க, மூட்டு வலி இருக்கறவங்க இருப்பாங்க. மத்த நாள்ல ரெண்டு கிலோமீட்டர் நடக்கச் சொன்னா "ஐயோ, முடியாது"னு சொல்றவங்களும் இருப்பாங்க. வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போறவங்க, ரமலான் மாசம் முழுக்க சஹருக்கு எழுந்திரிக்கறவங்க, எல்லாருமே இதே கணக்குத்தான்.

பக்தி இருக்கு, அதனால முடியுதுன்னு நீங்க சொல்லலாம். உண்மைதான், அதை நான் குறைச்சு பேசல. ஆனா பக்தி வருஷம் முழுக்க இருக்கே, மலைக்குப் போற பையனுக்கு ஆனி மாசம் பக்தி இல்லாம போயிடுதா? ஆனி மாசம் அவன் ஏன் விடியக்காலைல எழுந்திரிக்கறதில்ல?

நான் வேலை பார்க்கறது சாப்ட்வேர்ல. ஒரு சிஸ்டம் ஒரு இடத்துல ஒழுங்கா ஓடுது, இன்னொரு இடத்துல ஓடலைன்னா, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு லிஸ்ட் போடுறதுதான் எங்க முதல் வேலை. இங்கயும் போடலாம்.

கழுத்துல மாலை இருக்கு, பார்க்கறவங்க எல்லாருக்கும் தெரியும். ஊரே "சாமி"ன்னு கூப்பிடும். வீட்டுல சமையலே மாறிடும். எத்தனை மணிக்குக் குளிக்கணும், எத்தனை மணிக்குப் பூஜைன்னு தினமும் யோசிச்சு முடிவெடுக்க வேண்டியதில்ல, அது ஏற்கனவே முடிவாகி இருக்கு. வழி சொல்ல ஒரு குருசாமி இருக்காரு. கூட ஒரு செட்டு இருக்கு. போற தேதியும் தெரியும்.

இதுல எத்தனை விஷயம் அந்தப் பையனோட மண்டைக்குள்ள இருக்குன்னு எண்ணிப் பாருங்க. நம்பிக்கை ஒண்ணுதான் உள்ள இருக்கு. மத்தது எல்லாமே வெளிய இருக்கு. தெருவுல, வீட்டுல, கழுத்துல, கூட வர்ற ஆள்கிட்ட.

நாம உடற்பயிற்சி ஆரம்பிக்கறப்போ என்ன பண்றோம்? அப்படியே தலைகீழா பண்றோம். வெளிய எதையும் மாத்தறதில்ல. ஒரு ஷூ வாங்குறோம், ஒரு ஆப் போடுறோம், மிச்சம் எல்லாத்தையும் மனசு பார்த்துக்கும்னு விட்டுடுறோம்.

பூங்கா கட்டின காலனி

இது வெறும் என் தியரி இல்ல. சென்னைலயே இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு.

1996-ல மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் சென்னைல ரெண்டு குடியிருப்புப் பகுதிகளை எடுத்து ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க. டாக்டர் வி. மோகன் தலைமைல. ஒண்ணு திருமங்கலம் பக்கம் இருக்கற ஆசியாட் காலனி, நடுத்தர வர்க்கக் குடியிருப்பு. இன்னொண்ணு தி.நகர்ல இருக்கற பாரதி நகர், வருமானம் குறைஞ்சவங்க வாழற இடம்.

ஆசியாட் காலனில ஆரம்பத்துல கணக்கெடுத்தப்போ, வாரத்துல மூணு தடவைக்கு மேல ஏதாவது உடற்பயிற்சி பண்றவங்க 14.2 சதவீதம். நூறு பேர்ல பதினாலு பேர். அப்புறம் சர்க்கரை நோய், இதய நோய், நடக்கறதோட அவசியம் பத்தியெல்லாம் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நடத்தினாங்க. இதுவரைக்கும் வழக்கமான கதைதான். உங்க ஆபீஸ்லயும் வருஷத்துக்கு ஒரு தடவை இப்படி ஒரு செஷன் நடக்கும், சமோசா சாப்பிட்டுட்டு வந்துடுவோம்.

ஆனா இந்தக் காலனி மக்கள் கேட்டுட்டுச் சும்மா வீட்டுக்குப் போகல. நடக்க இடம் வேணும்னு அவங்களே பணம் திரட்டி ஒரு பூங்கா கட்டினாங்க. சில வருஷம் கழிச்சுத் திரும்பக் கணக்கெடுத்தப்போ அந்த 14.2 சதவீதம் 58.7 சதவீதமா ஆகியிருந்தது. 2006-ல இந்த ஆய்வுக் கட்டுரை வெளியாச்சு.

பதினாலுல இருந்து ஐம்பத்தெட்டு! அந்தச் சில வருஷத்துல காலனில இருந்த எல்லாருக்கும் திடீர்னு மனஉறுதி நாலு மடங்கு ஆயிடுச்சா? இல்ல. வீட்டு வாசல்ல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு இடம் வந்தது. அது அவங்க காசு போட்ட இடம். அங்க போனா பக்கத்து வீட்டுக்காரர் இருப்பாரு. ரெண்டு நாள் போகலைன்னா மூணாவது நாள் "என்ன சார், ஆளையே காணோம்?"னு கேப்பாரு. நம்ம போன்ல வர்ற நூறு நோட்டிபிகேஷனை விட அந்த ஒரு கேள்விக்குப் பவர் அதிகம்.

இதோட அடுத்த பாகம்தான் எனக்கு மனசுல நிக்குது. பத்து வருஷம் கழிச்சு ரெண்டு பகுதிலயும் சர்க்கரை நோய் எவ்வளவு கூடியிருக்குன்னு பார்த்தாங்க. ஆசியாட் காலனில 12.4 சதவீதத்துல இருந்து 15.4 ஆகியிருந்தது. பாரதி நகர்ல 6.5-ல இருந்து 15.3. ஒரு காலத்துல பணக்காரங்க வியாதின்னு சொன்னது, பத்தே வருஷத்துல ரெண்டு பக்கமும் ஒரே அளவுல வந்து நிக்குது.

இதுக்குக் காரணம் பூங்கா மட்டும்தான்னு சொல்ல முடியாது. சாப்பாடு மாறியிருக்கும், வேலை மாறியிருக்கும், வருமானம் மாறியிருக்கும். ஆனா ஒண்ணு மட்டும் யோசிங்க. பாரதி நகர் மக்களைப் பார்த்து "உங்களுக்கு மோட்டிவேஷன் இல்ல"ன்னு சொன்னா அது நியாயமா? காசு சேர்த்துப் பூங்கா கட்டற வசதி எல்லாத் தெருவுக்கும் கிடையாது. உடற்பயிற்சி பண்ணாதவனைச் சோம்பேறின்னு சொல்றதுக்கு முன்னாடி, அவன் வாசல்ல இருந்து வெளிய வந்தா நடக்க என்ன இருக்குன்னு பார்க்கணும். சாக்கடையும் பைக்கும் தெருநாயும் மட்டும்தான் இருக்குன்னா, பிரச்சினை அவன் மனசுல இல்ல.

மெசேஜ் அனுப்பினா நடப்பாங்களா?

சரி, பூங்கா கட்டறது பெரிய விஷயம். ஒரு ஆப் தினமும் ஞாபகப்படுத்தினா போதாதா? இதையும் நம்ம ஊர்லயே சோதிச்சுப் பார்த்திருக்காங்க.

சென்னைல சர்க்கரை நோய் ஆராய்ச்சில பேர் போன டாக்டர் அ. ராமச்சந்திரனோட குழு 2013-ல ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. சர்க்கரை நோய் வர்றதுக்கு முந்தைய கட்டத்துல இருந்த, வேலைக்குப் போற ஆண்கள் 537 பேர். எல்லாருக்கும் ஆரம்பத்துல உணவு, உடற்பயிற்சி பத்தி ஆலோசனை கொடுத்தாங்க. அதுல பாதிப் பேருக்கு மட்டும் போன்ல அடிக்கடி எஸ்எம்எஸ் அனுப்பினாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா, மெசேஜ் வராத குழுல 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. மெசேஜ் வந்த குழுல 18 சதவீதம்தான். சாதாரண எஸ்எம்எஸ்ஸுக்கு இது பிரமாதமான ரிசல்ட்.

ஆனா அந்தப் பலன் எதுல இருந்து வந்ததுன்னு அதே குழு அப்புறம் அலசிப் பார்த்தாங்க. பெரும்பாலும் சாப்பாட்டை மாத்தினதுல இருந்து வந்திருக்கு. உடற்பயிற்சியைச் சேர்க்காம பார்த்தாலே, உணவுப் பழக்கம் மேம்பட்டதுதான் நோயைக் குறைச்சிருக்குன்னு 2014-ல எழுதினாங்க.

எனக்கு இது ரொம்ப இயல்பா படுது. மெசேஜைப் பார்த்துட்டு மூணாவது வடையை எடுக்காம விடலாம், அது ஒரு நொடி வேலை. ஆனா நடக்கணும்னா நேரம் வேணும், இடம் வேணும், துணி மாத்தணும், வேர்வையோட திரும்பி வந்து குளிக்கணும், அதுக்கப்புறம் எட்டு மணி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கணும். ஞாபகப்படுத்தினா மட்டும் இது எதுவும் நடக்காது. உங்க பிரச்சினை மறதி இல்ல, அதனால ரிமைண்டர் போட்டா சரியாகாது.

காசு கட்டினா போவோமா? "வருஷத்துக்கு மொத்தமா கட்டிட்டா, காசு போகுதேன்னாவது ஜிம்முக்குப் போவேன்"னு சொல்ற நண்பர் எல்லாருக்கும் இருக்காரு. 2006-ல அமெரிக்காவுல ரெண்டு பொருளாதார அறிஞர்கள், டெல்லாவிக்னா, மல்மெண்டியர், 7,752 ஜிம் உறுப்பினர்களோட கணக்கைப் பார்த்தாங்க. மாசம் 70 டாலருக்கு மேல கட்டினவங்க சராசரியா மாசத்துக்கு நாலு தடவைக்குக் கொஞ்சம் மேலதான் வந்தாங்க. ஒரு தடவைக்குன்னு பார்த்தா 17 டாலருக்கு மேல. அதே ஜிம்முல 10 டாலருக்கு ஒரு தடவைன்னு பாஸ் கிடைச்சது. கட்டுன காசு யாரையும் கட்டிலை விட்டு இழுத்துட்டு வரல.

மாலையைக் கழட்டின அப்புறம்

இப்போ நம்ம மாலை கதையோட இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். மலைக்குப் போயிட்டு வந்து மாலையைக் கழட்டினதும் என்ன ஆகுது? பல பேருக்கு மறுநாளே பழைய வாழ்க்கை. 41 நாள் விடியக்காலைல எழுந்த உடம்பு, 42-வது நாள் எட்டு மணி வரைக்கும் தூங்குது. சாமி குத்தம் எல்லாம் இல்ல. தாங்கிப் பிடிச்ச எல்லாமே ஒரே நாள்ல எடுத்தாச்சு, அவ்வளவுதான்.

2021 டிசம்பர்ல 'நேச்சர்' இதழ்ல ஒரு பெரிய ஆய்வு வந்தது. கேட்டி மில்க்மேன்ங்கற ஆய்வாளரோட குழு. அமெரிக்காவுல ஒரு ஜிம் நிறுவனத்தோட 61,293 உறுப்பினர்கள். ஆளை ஜிம்முக்கு வரவைக்க 54 விதமான திட்டம், ஒவ்வொண்ணும் நாலு வாரம். அதுல கிட்டத்தட்ட பாதித் திட்டம் வேலை செஞ்சது, வாரத்துக்கு வர்ற தடவை 9-ல இருந்து 27 சதவீதம் வரைக்கும் கூடுச்சு. ஆனா நாலு வாரம் முடிஞ்ச பிறகும் பலன் தெரிஞ்ச திட்டங்கள் வெறும் 8 சதவீதம்தான்.

அதாவது 21 நாள் சேலஞ்ச், 30 நாள் சேலஞ்ச் எல்லாம் நடக்கறப்போ வேலை செய்யும். முடிஞ்சதும் அதுவும் மாலை கழட்டின மாதிரிதான்.

அந்த ஆய்வுல முதலிடம் வந்த திட்டம் எது தெரியுமா? தினமும் தவறாம வந்தவங்களுக்குப் பரிசு கொடுத்தது இல்ல. ஒரு தடவை வராம விட்டுட்டு, அடுத்த தடவை திரும்பி வந்தவங்களுக்குச் சின்னதா போனஸ் பாயிண்ட் கொடுத்தது. அது சில சென்ட் மதிப்புதான். விட்டவனைத் திரும்பக் கூப்பிடறதுதான் அதிகமா வேலை செஞ்சிருக்கு.

இதையும் சேர்த்துக்கோங்க. 21 நாள்ல பழக்கம் வந்துடும்னு ஒரு பேச்சு ஊர் முழுக்கச் சுத்துது. 1960-ல மேக்ஸ்வெல் மால்ட்ஸ்ங்கற பிளாஸ்டிக் சர்ஜன் எழுதின புத்தகத்துல இருந்து பரவினது அது. 2009-ல லண்டன்ல பிலிப்பா லாலியோட குழு 96 பேரை வெச்சுப் பார்த்தப்போ, ஒரு செயல் தானா வர்ற பழக்கமா மாற சராசரியா 66 நாள் ஆச்சு. ஆளைப் பொறுத்து 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். நடுவுல ஒரு நாள் விட்டதால பெரிய பாதிப்பு இல்லைன்னும் பார்த்தாங்க.

நம்ம கோயில்கள்ல கும்பாபிஷேகம் முடிஞ்சா ஒரு மண்டலம், 48 நாள், மண்டலாபிஷேகம் பண்ணுவாங்க. ஒரு விஷயம் நிலைக்க ஒரு மண்டலமாவது வேணும்ங்கற பெரியவங்களோட உள்ளுணர்வு, 21 நாள் கதையை விட உண்மைக்குக் கிட்ட இருக்கு. அதனால பதினஞ்சாவது நாள் கஷ்டமா இருந்தா, "எனக்கு இது செட் ஆகல"ன்னு முடிவு கட்டாதீங்க. பதினஞ்சாவது நாள் எல்லாருக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்.

கோர்வைக்கு ரெண்டு பேர்

சரி, பூங்கா கட்ட முடியாது, மாலை வருஷம் முழுக்கப் போட முடியாது. வெளிய இருந்து நம்மைத் தாங்கிப் பிடிக்க வேற என்ன இருக்கு?

நான் இருக்கற ஊர் பட்டு ஊர், அதனால தறில இருந்தே சொல்றேன். காஞ்சிபுரம் கோர்வைச் சேலைல உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். ரெண்டையும் தனித்தனியா நெஞ்சு தைக்கறதில்ல. நெய்யும்போதே கோத்து வாங்குவாங்க. அதுக்கு மூணு நாடா வேணும். ஒரே ஆள் தறில உட்கார்ந்து இந்த மூணையும் ஓட்டறது கஷ்டம். அதனால பக்கத்துல இன்னொருத்தர் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளுவாங்க. பெரும்பாலும் வீட்டு ஆள்தான். அவங்க வரலைன்னா இவங்களுக்கும் வேலை ஓடாது. அதனாலயே ரெண்டு பேரும் நேரத்துக்கு வந்துடுவாங்க.

உங்க நடைக்கும் ஒரு கரை ஆள் வேணும். உங்களை விட பயங்கர ஃபிட்டா இருக்கறவர் வேண்டாம், அவர் கூடப் போனா ரெண்டாவது நாளே மூச்சு வாங்கி வெறுத்துடும். உங்க வேகத்துல நடக்கற, உங்க தெருவுலயே இருக்கற, நீங்க வரலைன்னா வாசல்ல வந்து நின்னு கூப்பிடற ஆள் போதும். அப்பாவா இருக்கலாம், அத்தையா இருக்கலாம், கீழ் வீட்டு அண்ணனா இருக்கலாம்.

தறி பத்திச் சொன்னதும் ஒரு விஷயம் ஞாபகம் வருது. "நாங்க நாள் முழுக்கத் தறி மிதிக்கறோம், எங்களுக்கு எதுக்கு வாக்கிங்?"னு நெசவுக் குடும்பத்துப் பெரியவங்க கேப்பாங்க. அவங்க உழைப்பு யாரை விடவும் குறைஞ்சது இல்ல. ஆனா குழித்தறில காலைத் தொங்கப்போட்டு, முதுகை வளைச்சு, மணிக்கணக்கா ஒரே இடத்துல உட்கார்ந்து பண்ற வேலை அது. முதுகும் முட்டியும் கண்ணும் தேயும். லேப்டாப் முன்னாடி உட்கார்ற நம்ம முதுகுக்கும் அந்த முதுகுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து நடக்கலாம்.

அடுத்தது இடமும் நேரமும். "நாளைல இருந்து வாக்கிங் போகணும்"ங்கறது திட்டம் இல்ல, ஆசை. "காலை 5:45-க்கு பால் வாங்கப் போற நேரத்துல, ராஜ வீதியை ஒரு சுத்து சுத்திட்டு பால் வாங்கிட்டு வருவேன்"ங்கறது திட்டம். ஏற்கனவே நடக்கற ஒரு வேலையோட அதை ஒட்டி வைக்கணும். நம்ம ஊருக்கு ஒரு அதிர்ஷ்டம் என்னன்னா, கோயிலைச் சுத்தி நடக்கறதுக்குன்னே வீதி போட்ட ஊர் இது. ஏகாம்பரநாதர் கோயில் பக்கமோ, சின்ன காஞ்சிபுரத்துல வரதராஜர் கோயில் பக்கமோ, விடியக்காலைல மாட வீதில போய்ப் பாருங்க. "உடற்பயிற்சி"ங்கற வார்த்தையைக்கூடச் சொல்லாம வருஷக்கணக்கா தினமும் நடக்கற மாமாக்களையும் பாட்டிகளையும் பார்க்கலாம். அவங்களைக் கேட்டா மோட்டிவேஷன் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. "விடிஞ்சா வருவேன்"னுதான் சொல்வாங்க.

கோயில் வேணாம்னா, 2023 நவம்பர் 4-ஆம் தேதி தமிழ்நாடு அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சது. 38 மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டருக்கு நடைபாதை. அப்போ சுகாதாரத்துறை அமைச்சரா இருந்த மா. சுப்பிரமணியன் மாரத்தான் ஓடறவர்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 8 கிலோமீட்டர்னு கேட்டுப் பயப்படாதீங்க, முழுசும் நடக்கணும்னு சட்டம் இல்ல.

அளவு பத்தியும் சொல்லிடறேன். தினம் 10,000 காலடிங்கறது 1960-கள்ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவியோட பேர்ல இருந்து பரவின எண்ணிக்கை. 2019-ல வயசான பெண்கள் 16,741 பேரை வெச்சு அமெரிக்காவுல பண்ண ஆய்வுல, தினம் 2,700 காலடி நடந்தவங்களை விட 4,400 நடந்தவங்களுக்கே இறப்பு விகிதம் நல்லா குறைஞ்சிருந்தது. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்றது வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, கூட ரெண்டு நாள் தசைக்கு வேலை. ஒரு நாளைக்குன்னு பிரிச்சா 22 நிமிஷம்கூட ஆகல. சர்க்கரை, பிரஷர், இதயப் பிரச்சினை இருக்கறவங்க, நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ வர்றவங்க, முதல்ல டாக்டரைப் பார்த்துட்டு ஆரம்பிங்க.

அக்கா தங்கச்சிங்களுக்கு

ஒண்ணை மட்டும் தனியா சொல்லணும். 2022 கணக்குப்படி இந்தியாவுல போதுமான உடல் உழைப்பு இல்லாதவங்க ஆண்கள்ல 42 சதவீதம், பெண்கள்ல 57 சதவீதம்னு உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2024-ல வெளியிட்டாங்க. பெண்களுக்கு மோட்டிவேஷன் குறைவுன்னு இதைப் படிக்கக் கூடாது. காலை 5:45-க்கு நான் சொன்ன அந்த ராஜ வீதி நடை, அதே நேரத்துல வீட்டுல டிபன் பாக்ஸ் கட்டற ஒருத்தங்க இருக்கறதாலதான் பல ஆண்களுக்கு முடியுது. தனியா நடந்தா பின்னாடி வர்ற பைக், "இந்த நேரத்துல எங்க கிளம்பிட்டே?"ங்கற கேள்வி, இதெல்லாம் ஆண்களுக்கு இல்ல.

அதனால கேக்கற ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க அம்மாவோ மனைவியோ தங்கச்சியோ நடக்கணும்னு நினைச்சா, அவங்களுக்கு மோட்டிவேஷன் வீடியோ ஃபார்வர்ட் பண்ணாதீங்க. வாரத்துல மூணு நாள் காலை அடுப்படி வேலையை எடுத்துக்கோங்க. இல்லைன்னா கூட நடங்க. அந்தக் காலனிக்குப் பூங்கா செஞ்ச வேலையை, உங்க வீட்டுல நீங்க செய்யலாம்.

விட்டா என்ன பண்றது?

விடுவோம். கண்டிப்பா விடுவோம். ஐப்பசி மழை வரும், சித்திரை வெயில் வரும், ரிலீஸ் வீக் வரும், ஷிப்ட் மாறும், பொங்கலுக்கு ஊருக்குப் போவோம். அதுக்கு ரெண்டே ரெண்டு ஏற்பாடு பண்ணி வைங்க.

முதலாவது, ஒரு சின்ன நாள் திட்டம். மழை பெய்யுது, உடம்பு அசதி, நேரமே இல்ல, அன்னைக்கு மொட்டை மாடிலயோ வீட்டுக்குள்ளயோ 10 நிமிஷம். கலோரி கணக்குக்காக இல்ல, அந்த நேரத்தை வேற எதுவும் வந்து பிடிச்சுக்கக் கூடாதுங்கறதுக்காக.

ரெண்டாவது, திரும்பி வர்ற தேதி. ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே கரை ஆள்கிட்ட சொல்லிடுங்க: "புதன்கிழமை வந்துடுவேன், வியாழக்கிழமை காலைல வாசல்ல வந்து கூப்பிடு." விட்ட நாளை நினைச்சு வருத்தப்பட்டா கால் நடக்காது. வியாழக்கிழமை யாராவது கூப்பிட்டா நடக்கும்.

இதுவரைக்கும் சொன்னதுல ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறதா இருந்தா இதை எடுத்துக்கோங்க. மோட்டிவேஷன் முதல்ல வந்து, அப்புறம் நாம நடக்கறது இல்ல. பூங்கா வந்த பிறகுதான் அந்தக் காலனி நடந்தது. நடக்க ஆரம்பிச்சு, உடம்பு லேசாகி, வழில நாலு பேர் பழக்கமாகி, போகலைன்னா அன்னைக்கு என்னவோ மாதிரி இருக்குன்னு தோணும் பாருங்க, நாம தேடிட்டு இருந்தது அதுதான். அது கடைசிலதான் வரும்.

இந்த வாரத்துக்கு ஒரே வேலை. ஷூ வாங்க வேண்டாம், ஆப் டவுன்லோட் பண்ண வேண்டாம். இந்த எபிசோட் முடிஞ்சதும் ஒரே ஒரு ஆளுக்குப் போன் பண்ணுங்க. மெசேஜ் வேண்டாம், போன். எந்த நாள், எத்தனை மணி, எந்த முனைல சந்திக்கறதுன்னு மூணையும் பேசி முடிங்க. உங்க தெருவுல நடக்க இடமே இல்லைன்னா, அதே ஆளோட சேர்ந்து உங்க வார்டு கவுன்சிலரைப் போய்ப் பாருங்க. அதுவும் இதே வேலைல சேர்ந்ததுதான்.

யாரைக் கூப்பிட்டீங்க, எங்க நடக்கறீங்கன்னு எழுதி அனுப்புங்க. ஒரு மண்டலம் கழிச்சு, 48 நாள் ஆனதும், யாரெல்லாம் இன்னும் நடக்கறீங்க, யாரெல்லாம் நடுவுல விட்டுட்டுத் திரும்பி வந்தீங்கன்னு ஒரு எபிசோட் போடுவோம். திரும்பி வந்தவங்க கடிதத்தைத்தான் முதல்ல படிப்பேன்.

அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.